வெளியே அலுமினியம், உள்ளே கறள்: கண்டி மலைப்பாதைகளின் பழைய லான்ட் ரோவரை மீளக் கட்டுதல்

கண்டியில் இருந்து மகியங்கனை வீதியில் தெல்தெனியவைத் தாண்டிப் போனால் ஹுன்னஸ்கிரிய வரும். அங்கே பிரியும் சிறு பாதை லூல்வத்தை வழியாக ஏறி, கோர்பட்ஸ் கெப் கணவாயைக் கடந்து, நக்கிள்ஸ் மலைகளின் அடியில் கிடக்கும் மீமுரே கிராமத்துக்கு இறங்குகிறது. காரில் வருபவர்கள் அதை வழியில் நிறுத்திவிட்டு ஜீப் பிடிப்பது அந்தப் பாதையில் வழமை. ஏற்றிப் போகும் ஜீப்களில் சில, அவற்றை ஓட்டுகிற பையனின் தகப்பனை விட வயது கூடியவை. அவை இன்றும் ஓடுவதற்குக் காரணம் கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, கம்பளைப் பக்கக் கராஜ்களில் வெல்டிங் கண்ணாடியோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும் மனிதர்கள்.

அந்த வாகனங்கள் எங்கள் பக்கமும் வருகின்றன. எனது உறவினர் ஒருவர், மீள்குடியேறி நான்கு வருடம் கழித்து, கண்டிப் பக்கத்தில் இருந்து பழைய லான்ட் ரோவர் ஒன்றை வாங்கி வன்னிக்குக் கொண்டுவந்தார். புதுப் பச்சைப் பெயின்ட். கதவைத் தட்டினால் அலுமினியச் சத்தம். “லான்ட் ரோவருக்குக் கறள் பிடிக்காது தம்பி” என்று விற்றவர் சொன்னதை அவர் எனக்கும் சொன்னார். எட்டாவது மாதம் நெல் மூட்டை ஏற்றி வரும்போது பின்பக்க ஸ்பிரிங் தாங்கி அடிச்சட்டத்தை விட்டுப் பிய்ந்தது. வண்டி வாய்க்காலுக்குள் சரிந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்காக அடைவு வைத்த நகைதான் மீளவில்லை.

பிய்ந்த இடத்தைப் பார்த்தபோது இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் பட்டியும் தாரும் துணிக்கந்தலும் இருந்தன. அதன் மேல்தான் பெயின்ட். இந்தக் கட்டுரை அப்படியான வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கும், ஏற்கனவே வாங்கி முற்றத்தில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும். (யாழ்ப்பாணத்தில் கறள் என்பதை மலையகத்தில் துரு என்பார்கள். கண்டிக் கராஜில் துரு என்று கேட்டால் உடனே விளங்கும்.)

பேராதனைக்கு வந்த ஜீப்

இலங்கையின் மலைநாட்டுக்கு இந்த வகை வாகனம் பழக்கமானது போரோடு. 1944 ஏப்ரலில் மவுன்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசிய நேசநாட்டுக் கட்டளையகம் டில்லியில் இருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காதான் அதன் தலைமையகம். வில்லிஸும் போர்ட்டும் அந்தப் போருக்காகச் செய்த ஜீப்களின் தொகை ஆறு இலட்சத்துக்கு மேல். போர் முடிந்ததும் உலகெங்கும் அவை மிச்சமாகி, கமக்காரர் கைக்கும் தோட்டக்காரர் கைக்கும் போயின.

அப்படிக் கைமாறிய ஜீப் ஒன்றைத்தான் பிரித்தானியாவின் ரோவர் கார்க் கொம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் அங்கிள்சித் தீவில் இருந்த தன் பண்ணையில் வைத்திருந்தார். அது தேய்ந்தால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியில் இருந்து லான்ட் ரோவர் பிறந்தது. 1947 இன் முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. விமானத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்ட அலுமினியமோ போதியளவு கிடைத்தது. ஆகவே மேல் உடலை பர்மாபிரைட் என்ற அலுமினிய மக்னீசியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். பாரம் தாங்கும் அடிச்சட்டம் மட்டும் உருக்கு.

“லான்ட் ரோவருக்குக் கறள் பிடிக்காது” என்ற கதை இந்த ஏற்பாட்டில் இருந்து வந்தது. அது பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியும் தகடுகளுக்குக் கறள் பிடிக்காது. உங்களைத் தாங்கும் பாகங்களுக்குப் பிடிக்கும்.

தேயிலைத் தோட்டங்களில் துரையின் வண்டியாக இருந்தது இதுதான். எங்கள் தலைமுறைக்கு இதன் பிந்திய வடிவமான டிபென்டர் வேறு நினைவுகளைத் தரும். வீதியில் டிபென்டர் வரிசை வந்தால் ஒதுங்கி நிற்கப் பழகியவர்கள் நாங்கள். டிபென்டர் உற்பத்தி 2016 ஜனவரி 29 ஆம் திகதி இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில் நின்றது. பழையவற்றின் பெறுமதி அதன் பிறகு இன்னும் ஏறியது. இலங்கையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் குப்பைக்குப் போகவேண்டிய வண்டிகளும் பெயின்ட் அடித்துச் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களில் பலர் இப்போதுதான் அடியைப் பார்க்கிறார்கள்.

ஒரு சிறு விலகல். பழைய வண்டியின் இலக்கத் தகட்டில் அதன் வயதின் குறிப்பு இருக்கிறது. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைச் சோடி சேர்த்த சி.ஈ., ஈ.எல்., ஈ.என். போன்ற தகடுகள் மிகப் பழையவை. 1957 ஜனவரியில் சிங்கள ஸ்ரீ எழுத்து தகடுகளுக்கு வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி தமிழ் ஸ்ரீ எழுதிய வாகனங்களை ஓட்டியதும், 1958 இல் வடக்குக்கு அனுப்பப்பட்ட பஸ்களின் எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டதும், அந்த மே மாதத்து வன்செயலும் வாசகர்களுக்குத் தெரிந்தவை. இன்று கண்டியில் பழைய வாகனம் சேர்ப்பவர்கள் அதே ஸ்ரீ தகட்டுக்காகவே கூடிய விலை கொடுக்கிறார்கள். விற்பவர் சொல்லும் தயாரிப்பு ஆண்டோடு தகடு பொருந்தாவிட்டால், பதிவுப் புத்தகத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

கறள் இருக்கும் இடங்கள்

இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். கண்டி மாவட்டத்தை இரண்டு பருவமழைகளும் தொடுகின்றன. நக்கிள்ஸ் பக்கத்தில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வண்டியை நனைத்துவிடும். ஆனாலும் மழை நீர் வடிந்து போய்விடும். வண்டியைத் தின்பது வடியாத நீர். செசி எனப்படும் அடிச்சட்டம், நான்கு தகடுகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்த குழாய். தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அதன் துவாரங்கள் வழியாகச் சேறு உள்ளே போகிறது. மலைநாட்டுச் செம்மண் ஒருமுறை உள்ளே படிந்தால் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஆகவே செசி உள்ளிருந்து வெளியே உக்குகிறது. வெளியே ஓட்டை தெரியும் நாளில் உள்ளே அரைவாசி போயிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. பின்பக்கக் குறுக்குச் சட்டம், அதாவது இழுவைக் கொக்கி மாட்டும் இடம். பின் சில்லுகள் வாரி இறைக்கும் சேறு நேரே அங்கேதான் போகும். செசியில் இருந்து இரு பக்கமும் நீளும், அவுட்ரிகர் எனப்படும் கைகள். முன்னும் பின்னும் ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள். என்ஜினுக்கும் ஆசனத்துக்கும் இடையில் நிற்கும், பல்க்ஹெட் என்று கராஜ்காரர் சொல்லும் உருக்குச் சுவர். அந்தச் சுவரில் கால் வைக்கும் கிடங்குகளும் கதவுப் பிணைச்சல் பூட்டிய தூண்களின் அடியும்தான் முதலில் போகும். கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பிணைச்சல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும் ஆடும். தூண் உக்கியிருந்தால் தூணும் சேர்ந்து ஆடும்.

ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். நல்ல உருக்கில் தட்டினால் கணீர் என்று கேட்கும். உக்கியதில் தொப்பென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். அடிப்பக்கம் முழுவதும் புதுத் தார் பூசியிருந்தாலும் அப்படித்தான். தார் காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் நீர் போகும். போன நீரை வெளியே வரவிடாது. உருக்குத் தகட்டில் பட்டி இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள்; தடித்த பட்டி உள்ள இடத்தில் பிடிப்புத் தளரும். அலுமினியத்தில் காந்தம் எப்படியும் ஒட்டாது, குழம்ப வேண்டாம்.

மிற்சுபிஷி ஜீப்கள் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லிஸின் அனுமதியோடு யப்பானில் செய்யப்பட்ட இவை இலங்கையில் ஏராளம், மலைப்பாதைகளிலும் ஓடுகின்றன. இவற்றின் மேல் உடலும் உருக்குத்தான். ஆகவே கறள் ஒளிந்திருக்காது, தரைத் தகட்டிலும் மட்கார்டிலும் வெளியே தெரியும். டிங்கர் வேலை கூடும், ஏமாறும் வாய்ப்புக் குறையும்.

வடக்கில் இருந்து வாங்கப்படும் பழைய வண்டிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சன்னமும் எறிகணைச் சிதறலும் துளைத்த இடங்களில் உருக்கு வெறுமையாகிவிடுகிறது; அதன் மேல் பட்டி அப்பினால் உள்ளே கறள் பரவும். முள்ளிவாய்க்காலில் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் 2009 மே மாதத்துக்குப் பின் வருடக்கணக்கில் கிடந்த வாகனங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். உப்பு நீர் மின்னைக் கடத்தும். கறள் என்பதே ஒரு மின்வேதி வேலை ஆகையால் அங்கே அது பல மடங்கு வேகமாக நடந்தது. அப்படிக் கிடந்த வண்டியின் செசித் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணியில் பழைய இரும்பு தோண்டப் போய்க் கைகால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் நம் ஊர்களில் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெட்டி ஒட்டும் வேலை

முதல் வேலை கழுவுதல். செசியின் எல்லாத் துவாரங்களுக்குள்ளும் அழுத்த நீர் விட்டு, வெளியே வரும் நீர் தெளியும்வரை கழுவி, பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் விட வேண்டும். சேற்றோடு வெல்டிங் செய்யும் கராஜ்கள் உண்டு. அந்த ஒட்டு அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான்.

பெற்றோல் தாங்கியை வண்டியை விட்டே இறக்குங்கள். பழைய லான்ட் ரோவர் பலவற்றில் தாங்கி முன் ஆசனத்துக்குக் கீழே, வெல்டிங் வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வெறும் தாங்கிதானே என்பார்கள். நிறைந்த தாங்கியை விட, ஆவி மட்டும் நிறைந்த வெறும் தாங்கி ஆபத்தானது. பற்றரி வயர்களையும் கழற்ற வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உரஞ்சி தூசு கிளப்பாமல் ஈரத்தோடு உரஞ்சுங்கள், முகத்தை மூடுங்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

வெட்டும் முன் அளவு எடுக்க வேண்டும். செசியின் முன் இடது மூலையில் இருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதில் இருந்து பின் இடதுக்கும் நாடா பிடித்தால் இரண்டும் ஒன்றாக வரவேண்டும். குட்டை வண்டியின் சில்லு இடைவெளி 88 அங்குலம், நீள வண்டிக்கு 109 அங்குலம். இரு பக்கமும் அது ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒட்டும்போது உருக்கு சூடேறி விரிந்து, ஆறும்போது இழுக்கும். ஆகவே வெட்டப் போகும் இடத்தின் இரு பக்கத்தையும் இணைத்துத் தற்காலிகமாக ஒரு கோண இரும்பை ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பல்க்ஹெட் தூண் மாற்றும்போது கதவைக் கழற்றி வைக்காதீர்கள். கதவை மாட்டி மூடி, இடைவெளி சரியா என்று பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். கதவைக் கழற்றி வைத்து ஒட்டிய பிறகு அது மூடாமல் போனால், முழு வேலையும் இன்னொரு தடவை.

எவ்வளவு வெட்டுவது? பளபளக்கும் இரும்பு வரும்வரை. இங்கேதான் பாஸ்மாரோடு வாக்குவாதம் வரும். ஓட்டை உள்ளங்கை அளவு, வெட்டச் சொல்வதோ முழங்கை அளவு. உக்கிய தகட்டின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி ஒட்டினால் ஒட்டு பிடிப்பது உக்கிய விளிம்பை. இரண்டு தகட்டுக்கும் நடுவில் நீருக்கு ஒரு புதிய வீடும் கிடைக்கிறது. கறளின் கன அளவு அது தின்ற இரும்பை விடப் பல மடங்கு. உள்ளே வளர்ந்து வளர்ந்து அது ஒட்டையே நெம்பிப் பிரித்துவிடும். எனது உறவினரின் வண்டியில் மூன்று தகடு ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. மூன்று தடவை யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.

செசிக்கு அதே 2 மில்லிமீற்றர் அல்லது சற்றுத் தடித்த தகடு, பல்க்ஹெட்டுக்கு 1.2 மில்லிமீற்றர் அளவில் போதும். தேவைக்கு மேல் தடித்த தகடு நல்லதல்ல. மெல்லிய பழைய தகடு அதன் விளிம்பில் வெடிக்கும். ஒட்டுத் துண்டின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். செசியின் நீளப் பகுதியைக் குறுக்கே நேர்கோட்டில் வெட்டி இணைப்பதைத் தவிர்த்து, சாய்வாக வெட்டி இணைத்தால் பாரம் ஒரே கோட்டில் விழாது. மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக ஒட்டாமல் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று ஆறவிட்டு ஒட்ட வேண்டும். காஸ் வெல்டிங்கின் வெப்பம் பரந்து பரவித் தகட்டை நெளிக்கும். மிக் வெல்டிங் உள்ள கராஜ் கிடைத்தால் அதுவே நல்லது. செசி ஒட்டுகளை அழகுக்காக கிரைண்டரால் மட்டமாக்க விடாதீர்கள். அந்தத் திரட்சிதான் பலம். நாகமுலாம் பூசிய தகட்டை ஒட்டுவதானால் முலாமை முதலில் உரஞ்சி எடுக்க வேண்டும். அதன் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு காய்ச்சல் வரும்.

அவுட்ரிகர்களும் பின் குறுக்குச் சட்டமும் ஆயத்தமாகச் செய்து விற்கப்படுகின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் தேடலாம். பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய செசித் துண்டையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அதற்கும் வயது அதேதான். பிரித்தானியாவில் முழுவதும் நாகமுலாம் தோய்த்த புதிய செசிகளை இன்றும் செய்கிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணா அனுப்புவார் என்று காத்திருப்பவர்கள், அவர் காசு கட்டும் முன்பே இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேட்டறிவது நல்லது. துறைமுகத்தில் கிடக்கும் செசிக்கும் கறள் பிடிக்கும், வாடகையும் ஏறும்.

செசி திறந்திருக்கும்போது பிரேக் குழாய்களைப் பார்க்காமல் மூடுவது பெரும் பிழை. சீரிஸ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் ஒரே சுற்று. செசியோடு ஒட்டி ஓடும் மெல்லிய உருக்குக் குழாய் ஓரிடத்தில் கறள் பிடித்து வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. கண்டியில் இருந்து கிழக்கே போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவு தெரியும். அந்த இறக்கத்தில் அது நடந்தால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். செப்பு நிக்கல் குழாய் போட்டால் கறள் கவலை இல்லை, விலையும் பெரிதல்ல. பெயின்டுக்கு ஒதுக்கிய காசில் இருந்து எடுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. வெறும் உருக்கில் எப்பொக்சி பிறைமர் இரண்டு பூச்சு, இணைப்புகளில் சீலர், அதன் மேல் நிறம். கறளை மாற்றும் திரவங்கள் பொசுபோரிக் அமிலத்தாலோ தனிக் அமிலத்தாலோ ஆனவை. உதிரும் கறளைக் கம்பித் தூரிகையால் எடுத்த பிறகு, மேற்பரப்பில் மிஞ்சும் மெல்லிய கறளுக்கு அவை வேலை செய்யும். பெட்டிச் செசியின் உள்ளே அவை போதாது. தேயிலைச் சாயம் பட்ட இரும்பு கறுப்பதைத் தோட்டங்களில் கண்டிருப்பீர்கள். தனிக் அமிலத் திரவம் செய்யும் வேலையும் அந்த வகைதான். அதற்காகச் சாயத்தால் வண்டி கழுவ வேண்டாம்.

அலுமினியத் தோல்

மேல் உடலுக்கும் ஒரு நோய் உண்டு. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அந்தச் சோடி ஒரு சிறு பற்றரி போல வேலை செய்து அலுமினியம் கரையும். பெயின்ட் கொப்புளித்து, கீறினால் வெள்ளைத் தூள் கொட்டும். கதவுகளின் கீழ் விளிம்பில் இது சாதாரணம். ஏனெனில் அங்கே உருக்குச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு மடித்து மூடப்பட்டிருக்கிறது. மருந்து இரண்டையும் பிரித்து வைப்பது: நடுவில் சீலர் அல்லது இறப்பர் நாடா, முலாம் பூசிய ஆணி, நைலோன் வாசர்.

உருக்கில் கை தேர்ந்த டிங்கர் பாஸ் ஒருவர் அலுமினியத்தில் ஓட்டை போட்டுவிடலாம். உருக்கு உருகும் முன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் எந்த நிற மாற்றமும் காட்டாமல் சட்டென்று விழும். ஆகவே பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாமல் ரிவெட் அடித்துத் துண்டு போடலாம். அந்தக் காலத்திலேயே பல பாகங்கள் ரிவெட்டில்தான் நின்றன. நெளிவுகளை முழுவதும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. நெல் ஏற்றும் வண்டிக்கு நெளிவு குறையல்ல.

மலேசியாவின் கமரன் மலைப்பிரதேசம் இதற்கு நல்ல சாட்சி. தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் போய்க் குடியேறிய அந்த மலையில், பழைய லான்ட் ரோவர்கள் இன்னும் மரக்கறி ஏற்றுகின்றன. மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சியாங்கில் இருந்து சந்தக்பு உச்சிக்கு ஐம்பதுகளின் வண்டிகள் பயணிகளை ஏற்றுகின்றன. கண்காட்சிக்கு வைக்கும் அழகு அவற்றில் இல்லை. பாகம் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. அது எங்களுக்கும் புதிதல்ல. 1990 களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் துளியில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடவைத்த மெக்கானிக்குகள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்னும் இருக்கிறார்கள்.

இலக்கத்தை வெட்டாதீர்கள்

இதைத்தான் கூடுதலாக அழுத்திச் சொல்ல வேண்டும். சீரிஸ் லான்ட் ரோவரின் செசி இலக்கம் வலது பக்க முன் ஸ்பிரிங் மாட்டும் நுனியில் குத்தப்பட்டிருக்கிறது. கறள் விரும்பித் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டினால் வண்டி பலமாகிவிடும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது எந்த வண்டி என்று தெரியாமல் போய்விடும். அடுத்த தடவை விற்கும்போதோ, சோதனையிலோ, பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் வண்டியில் இல்லை என்றால் களவு வண்டி என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு பொலிஸ் நிலைய வாசலில் நிற்பது நம்மவருக்கு என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே கம்பித் தூரிகை படும் முன்பே இலக்கத்தைப் படம் எடுத்து, கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்து வையுங்கள். கிரைண்டரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நுனியை மாற்றியே ஆகவேண்டும் என்றால் வேலைக்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்த பிறகு செய்யுங்கள். கராஜில் யாராவது “நானே இலக்கம் குத்தித் தாறேன்” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மேல் உடலின் வகையை மாற்றினாலும், என்ஜினை மாற்றினாலும் பதிவில் திருத்த வேண்டும்.

இடம்பெயர்வில் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் பலர். திணைக்களத்தில் பிரதி பெறும் நடைமுறை உண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி அதற்குத் தேவைப்படும். வண்டிக்கு ஒரு சதமும் செலவழிக்கும் முன் அதை முடியுங்கள். பதிவு இல்லாத வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் வீதியில் ஓட்ட முடியாது, விற்கவும் முடியாது. தகப்பனின் பெயரில் இருந்து, தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால் சிக்கல் இன்னும் கடினம். அதற்கு கராஜ் அல்ல, முதலில் ஒரு சட்டத்தரணி வேண்டும்.

கீழே கொண்டுபோகும் முன்

கண்டியில் கட்டிய வண்டியை முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ கொண்டுபோவதானால், பெட்டிச் செசியின் உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் மூலம் தெளிக்க வேண்டும். பழைய என்ஜின் ஒயிலைத் தெளிப்பது மலைநாட்டில் நெடுநாள் வழக்கம். கறளை அது ஓரளவு தடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இறப்பர் புஷ்களை அது ஊற வைக்கும், கிணற்றுக்குப் பக்கத்தில் செய்தால் நீரையும் கெடுக்கும். மெழுகு எண்ணெய்க்குக் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம். செசியின் அடியில் உள்ள வடிதுவாரங்களை ஒரு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்; தார் பூசும்போது அவற்றையும் அடைத்துவிடுவது கராஜ்களில் சாதாரணம்.

ஒட்டு வேலை முடிந்த வண்டியை உடனே பாரம் ஏற்றாமல் சில நாள் வெறுமையாக ஓடவிட்டு, பிறகு அடியில் படுத்து ஒவ்வொரு ஒட்டின் ஓரத்தையும் பாருங்கள். பெயின்டில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்த இடம் அசைகிறது. அதே கராஜுக்குத் திரும்பிப் போய் காட்டி, அவர்கள் முன்னாலேயே சுத்தியலால் தட்டுங்கள்.